பச்சை ரத்தம்: வன்முறை வீடியோ கேம்களும் அரசின் தடைகளும்



கருத்துரிமை பற்றி ஆண்டுக்கு ஒருமுறை இந்த மேடையில் ஒருவர் பேசவேண்டும் என்பது இந்த உரையை நடத்தும் அறக்கட்டளையின் நோக்கம். நூல் தடை, திரைப்படத் தணிக்கை, பத்திரிகைச் சுதந்திரம் என்று நாம் வழக்கமாகப் பேசும் பொருள்களை விட்டுவிட்டு, வீடியோ கேமை எடுத்துக்கொண்டிருக்கிறேன். இந்த அரங்கின் பின்வரிசைகளில் இருப்பவர்களுக்கு அது அன்றாடப் பழக்கம். முன்வரிசைகளில் இருப்பவர்களுக்கு அது வீட்டுக் கவலை. இரு தரப்பாரும் ஒன்றாக உட்கார்ந்து இதைப் பற்றிக் கேட்கும் வாய்ப்பு அரிது என்பதாலேயே இந்தப் பொருளைத் தேர்ந்தேன்.

2019 மார்ச் 6ஆம் தேதி, குஜராத்தின் ராஜ்கோட் மாநகரக் காவல் ஆணையர் ஓர் அறிவிக்கை வெளியிட்டார். மார்ச் 9 முதல் ஏப்ரல் 30 வரை மாநகர எல்லைக்குள் பப்ஜி என்ற கைப்பேசிச் சுடும் விளையாட்டை ஆடக் கூடாது. 'மோமோ சவால்' என்பதும் கூடாது. இளைஞர்களிடமும் சிறுவர்களிடமும் வன்முறைக் குணம் பெருகுகிறது, படிப்பும் நடத்தையும் கெடுகின்றன என்று காரணம் சொல்லப்பட்டது. அடுத்த சில நாள்களில் பத்துப் பேர் கைதானார்கள். அவர்களில் கல்லூரி மாணவர்களும் இருந்தார்கள். அரசு ஊழியரின் ஆணையை மீறியதாகக் குற்றச்சாட்டு; இந்திய தண்டனைச் சட்டம், பிரிவு 188. பிணையில் விடத்தக்க குற்றம் என்பதால் விட்டுவிட்டார்கள். கைப்பேசிகளை மட்டும் விசாரணைக்கென்று எடுத்துக்கொண்டார்கள்.

இந்த நிகழ்ச்சியில் இரண்டு செய்திகள் என்னை இன்றுவரை உறுத்துகின்றன. அந்த மாணவர்கள் கைதான அதே நாளில், அதே ராஜ்கோட்டில், அந்த விளையாட்டைச் சட்டப்படி யாரும் பதிவிறக்கம் செய்யலாம். அதற்குள் பணம் கட்டிப் பொருள் வாங்கலாம். விற்றவரை யாரும் ஒன்றும் கேட்கவில்லை, விளையாடியவர்தான் காவல் நிலையத்துக்குப் போனார். இன்னொன்று மோமோ. குழந்தைகளைத் தற்கொலைக்குத் தூண்டுவதாக உலகெங்கும் பரவிய அந்த 'சவால்' வெறும் வதந்தி. அதனால் யாரும் இறந்ததற்குச் சான்று இல்லை என்று பிரிட்டனின் தொண்டு அமைப்புகள் அந்த ஆண்டு பிப்ரவரியிலேயே சொல்லிவிட்டன. ஆக, உள்ள ஒன்றையும் இல்லாத ஒன்றையும் ஒரே ஆணை ஒருசேரத் தடுத்தது. அச்சம் எவ்வளவு பெரிது, விசாரணை எவ்வளவு சிறிது என்பதை அந்த ஒரு காகிதமே காட்டிவிடுகிறது.

அச்சத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. அதே ஆண்டு ஜனவரியில், தேர்வு பற்றி மாணவர்களோடும் பெற்றோரோடும் பிரதமர் பேசிய நிகழ்ச்சியில், மகன் ஆன்லைன் விளையாட்டிலேயே கிடக்கிறான் என்று ஒரு தாய் முறையிட்டார். பப்ஜிக்காரனா என்று பிரதமர் கேட்டதும் அரங்கம் சிரித்தது. அந்தத் தாயின் கேள்வி சிரிப்புக்குரியதல்ல. என் வழக்கறிஞர் அலுவலகத்துக்கு வரும் பெற்றோர்களும் ஏறக்குறைய அதைத்தான் கேட்கிறார்கள். பையன் தூங்குவதில்லை. அப்பாவின் வங்கிக் கணக்கிலிருந்து பணம் போயிருக்கிறது. யாரென்றே தெரியாத ஒருவர் ஹெட்செட்டில் மகளோடு பேசிக்கொண்டிருக்கிறார். இவைதான் அவர்கள் கொண்டுவரும் புகார்கள். "என் மகன் நாளை துப்பாக்கி தூக்குவான்" என்று சொல்லி ஒருவர்கூட என்னிடம் வந்ததில்லை.

பெற்றோர் நேரத்தையும் பணத்தையும் அந்நியரையும் பற்றிப் பேச, அரசாங்கங்கள் வன்முறையைப் பற்றிப் பேசுகின்றன. இந்த விலகல் எப்படி நேர்ந்தது என்பதே இன்று நான் சொல்ல வந்தது. அதற்குக் கலிபோர்னியாவுக்குப் போகவேண்டும்.

அமெரிக்காவில் இந்த விவாதம் 1976லேயே தொடங்கிவிட்டது. எக்ஸிடி நிறுவனத்தின் 'டெத் ரேஸ்' என்ற எந்திரத்தில், காரை ஓட்டிக் குச்சி உருவங்களை இடித்தால் ஒரு கீச்சொலியோடு சிலுவைக்குறி முளைக்கும். கறுப்பு வெள்ளைப் புள்ளிகள்தாம். அதற்கே நாடு தழுவிய கண்டனம் எழுந்தது. 1993 டிசம்பரில் செனட்டர்கள் ஜோசப் லீபர்மேனும் ஹெர்ப் கோலும் 'மார்ட்டல் காம்பாட்', 'நைட் டிராப்' ஆகியவற்றை முன்வைத்து விசாரணை நடத்தினார்கள். சட்டம் வந்துவிடுமோ என்ற பயத்தில் நிறுவனங்கள் மறு ஆண்டே தமக்குத் தாமே ஒரு வயதுத் தர வாரியத்தை அமைத்துக்கொண்டன. 1999இல் கொலம்பைன் பள்ளியில் 12 மாணவர்களும் ஓர் ஆசிரியரும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். கொன்றவர்கள் 'டூம்' விளையாடியவர்கள் என்ற செய்தி வந்தபின் விவாதம் பழைய நிலைக்குத் திரும்பவே இல்லை.

2005இல் கலிபோர்னியா சட்டம் இயற்றியது. கொண்டுவந்தவர் லேலண்ட் யீ, குழந்தை உளவியல் படித்தவர். கையெழுத்திட்டவர் ஆளுநர் அர்னால்ட் ஷ்வார்ஸ்நெகர். மனித உருவத்தைக் கொல்லவோ உறுப்பைத் துண்டிக்கவோ பாலியல் வன்கொடுமை செய்யவோ ஆடுபவருக்கு வழி தரும் விளையாட்டு, சில வரையறைகளுக்குள் வந்தால், அதை 18 வயதுக்குக் கீழுள்ளவருக்கு விற்கக் கூடாது. மீறினால் கடைக்கு 1,000 டாலர் வரை அபராதம். பெற்றோர் வாங்கித் தரலாம். ராஜ்கோட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள்: இந்தச் சட்டம் எந்தப் பிள்ளையையும் தொடவில்லை, விற்பவரைத்தான் பிடித்தது. அந்த அளவில் அது நேர்மையான சட்டம் என்றே கருதுகிறேன். ஆனாலும் அது ஒரு நாள்கூட நடைமுறைக்கு வரவில்லை. தொழில்துறை வழக்குப் போட்டது. கீழ் நீதிமன்றம் நிறுத்திவைத்தது. 2011 ஜூன் 27 அன்று உச்ச நீதிமன்றம் ஏழுக்கு இரண்டு என்ற கணக்கில் அதைச் செல்லாது என்றது.

பிரவுன் எதிர் என்டர்டெயின்மென்ட் மெர்ச்சன்ட்ஸ் அசோசியேஷன் என்ற அந்தத் தீர்ப்பைச் சட்ட மாணவர்கள் முழுதாகப் படிக்கவேண்டும். பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் நீதிபதி ஸ்கேலியா. நூலும் நாடகமும் திரைப்படமும் போல வீடியோ கேமும் கருத்தைச் சொல்கிறது, எனவே அதே பாதுகாப்பு அதற்கும் உண்டு என்றார். ஆபாசத்துக்குச் சட்டத்தில் தனி விலக்கு இருக்கிறது. வன்முறைக்கு அப்படி ஒன்று அந்த நாட்டின் மரபில் இருந்ததில்லை. சட்டமன்றம் புதிதாக ஒன்றை உண்டாக்கவும் முடியாது என்றார். குழந்தைகளுக்கென்று சொல்லப்படும் கதைகளில் ரத்தம் இல்லையா என்று கேட்டுக் கிரிம் சகோதரர்களை அழைத்தார். ஸ்னோ ஒயிட்டின் சிற்றன்னை பழுக்கக் காய்ச்சிய செருப்போடு ஆடி ஆடிச் சாகிறாள். சிண்ட்ரெல்லாவின் சகோதரிகளுடைய கண்களைப் புறாக்கள் கொத்துகின்றன. பேய் பிணம் தின்னும் பரணியைப் பாடத்தில் வைத்திருக்கும் நமக்கு இந்த வாதம் சட்டென்று விளங்கும்.

தீர்ப்பின் உயிர் ஆதாரத்தை அது கையாண்ட விதத்தில் இருக்கிறது. கலிபோர்னியா நம்பியது உளவியலாளர் கிரெய்க் ஆண்டர்சனின் ஆய்வுகளை. அவர் தம் துறையில் பெயர் பெற்றவர், பல பத்தாண்டுகள் இதிலேயே உழைத்தவர். ஆனால் சோதனைச்சாலையில் 'ஆக்ரோஷம்' எப்படி அளக்கப்படுகிறது? வன்முறை விளையாட்டை ஆடி முடித்தவரிடம் ஓர் எழுத்து விடுபட்ட ஆங்கிலச் சொல்லைக் கொடுப்பார்கள். 'ஆராய்' என்ற பொருளில் நிரப்புகிறாரா, 'வெடி' என்ற பொருளில் நிரப்புகிறாரா என்று பார்ப்பார்கள். எதிராளியின் காதில் எவ்வளவு உரத்த ஓசையைச் செலுத்துகிறார் என்று அளப்பார்கள். காரம் ஆகாத ஒருவருக்கு எவ்வளவு மிளகாய்ச் சாற்றை ஊற்றித் தருகிறார் என்று நிறுத்துப் பார்ப்பதும் இந்தத் துறையில் ஒரு முறை. இவை எதையும் அளப்பதில்லை என்று சொல்லமாட்டேன். கொஞ்ச நேர எரிச்சலை அளக்கலாம். அதற்கும் ஒரு மனிதன் இன்னொரு மனிதனைக் கொல்வதற்கும் இடையிலுள்ள தூரத்தை எந்தச் சோதனைச்சாலையும் கடந்ததில்லை. ஆண்டர்சன் கண்ட விளைவின் அளவு, கார்ட்டூன் பார்ப்பதாலும் துப்பாக்கிப் படத்தைப் பார்ப்பதாலும் வருவதாக அவரே சொன்ன அளவை ஒத்திருந்தது. அப்படியானால் கார்ட்டூனை விட்டு விளையாட்டை மட்டும் பிடிப்பது ஏன் என்ற நீதிமன்றத்தின் கேள்விக்கு மாநிலத்திடம் விடை இல்லை.

அதற்குப் பின் வந்த ஆய்வுகளும் அந்த இடைவெளியை நிரப்பவில்லை. 1,004 பிரிட்டன் பதின்வயதினரையும் அவர்களுடைய பெற்றோரையும் வைத்து ஆண்ட்ரூ ஷிபில்ஸ்கியும் நெட்டா வெய்ன்ஸ்டைனும் 2019இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். எதை எப்படி அளப்போம் என்பதை முன்கூட்டியே பதிவு செய்துவிட்டு, பிறகு மாற்ற வழியில்லாமல் நடத்திய ஆய்வு அது. வன்முறை விளையாட்டுக்கும் பிள்ளைகளின் ஆக்ரோஷ நடத்தைக்கும் தொடர்பு காணவில்லை. அமெரிக்க உளவியல் சங்கம் 2020இல் தன் தீர்மானத்தைத் திருத்தியது. கத்துவது, தள்ளுவது போன்றவற்றோடு சிறிய தொடர்பு இருக்கிறது. கொலை, கொடுங்காயம் போன்ற வன்முறையோடு தொடர்புபடுத்தச் சான்று போதாது என்றது. கத்துவதும் தள்ளுவதும் பொருட்படுத்தத் தேவையில்லாதவை என்று நான் சொல்லவில்லை. அவற்றைத் திருத்த வீடு இருக்கிறது, ஆசிரியர் இருக்கிறார். காவல் ஆணையர் வரவேண்டியதில்லை.

ஸ்கேலியாவின் முடிவு சரி. ஆனால் அதே தீர்ப்பில் மாற்றுக் கருத்து எழுதிய நீதிபதி பிரேயரின் கேள்வியை என்னால் ஒதுக்க முடியவில்லை. ஓர் ஆடையற்ற பெண்ணின் படம் உள்ள இதழை 13 வயதுச் சிறுவனுக்கு விற்கக் கூடாது என்று சட்டம் சொல்லலாம். அதே சிறுவன் ஒரு பெண்ணுருவைக் கட்டி, வாயடைத்து, வதைத்துக் கொல்லும் விளையாட்டை வாங்க வந்தால் சட்டம் வாய்மூடி நிற்கவேண்டுமா என்று கேட்டார் அவர். பெரும்பான்மைத் தீர்ப்பு இதற்கு மரபைத்தான் விடையாகச் சொல்கிறது. மரபு நீதிமன்றத்துக்குப் போதுமானதாக இருக்கலாம், ஒரு தாய்க்குப் போதாது. முடிவோடு மட்டும் உடன்பட்ட நீதிபதி அலிட்டோ இன்னொரு எச்சரிக்கை விடுத்தார்: புதிய தொழில்நுட்பம் பழைய நூலைப் போன்றதே என்று அவசரப்பட்டுச் சொல்லவேண்டாம். அவர் அந்த விளையாட்டுகளைத் தேடிப் பார்த்துவிட்டு எழுதியவர். அந்தப் பொறுமை நம் விவாதத்தில் இல்லை.

ஆனால் பிரேயரும் அலிட்டோவும்கூட, திரையில் என்ன தெரிகிறது என்பதைப் பற்றியே வாதிட்டார்கள். அந்தச் சட்டம் வந்த 2005இல் அது இயல்பு. அன்று விளையாட்டு ஒரு பெட்டிக்குள் இருந்த வட்டு. ஒருமுறை விலை கொடுத்தால் முடிந்தது; கடைக்காரர் வாசலில் நின்று வயது கேட்கலாம். 2009இல் அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் பதின்வயதினரைக் கடைக்கு அனுப்பிச் சோதித்தபோது, 17 வயது நிரம்பியோருக்கென முத்திரையிட்ட விளையாட்டு ஐந்தில் ஒருவருக்குத்தான் கிடைத்தது. அவர்கள் வயதுக்கு ஒவ்வாத டிவிடி பாதிப் பேருக்குக் கிடைத்தது. பின்வரிசையில் இருக்கும் நீங்கள் யாரும் வட்டு வாங்கியிருக்கமாட்டீர்கள். உங்கள் விளையாட்டு இலவசம். நூறு பேர் தீவில் குதிக்கிறீர்கள், வட்டம் சுருங்குகிறது, கடைசியில் நிற்பவர் வெல்கிறார். தோற்றால் அடுத்த மேட்ச் தயாராக இருக்கிறது. தினமும் வராவிட்டால் பரிசு போய்விடும். உங்கள் குழுவான ஸ்குவாடில் மூவர் காத்திருக்கிறார்கள். துப்பாக்கிக்குப் பூசும் ஸ்கின் இன்றிரவு வரைதான் கிடைக்கும். உங்களைப் பிடித்து வைத்திருப்பது இந்த ஏற்பாடு. துப்பாக்கிக்குப் பதில் அங்கே பூச்செண்டு இருந்தாலும் இந்த ஏற்பாடு வேலை செய்யும்.

வன்முறையை மட்டும் குறிவைக்கும் தடை எதைப் பார்க்கத் தவறுகிறது என்பதற்கு ஜெர்மனியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2009 மார்ச் 11 அன்று வின்னெண்டன் ஊரில் 17 வயதுடைய ஒருவன் தான் முன்பு படித்த பள்ளியிலும் வெளியிலுமாக 15 பேரைச் சுட்டுக் கொன்று தானும் மாண்டான். அந்த ஆண்டு ஜூனில் மாநில உள்துறை அமைச்சர்கள் 'கொலை விளையாட்டு'களைத் தயாரிப்பதையும் விற்பதையும் அடியோடு தடுக்கவேண்டும் என்று கோரினார்கள். எதிர்த்து நாடாளுமன்றத்துக்கு மனு போனது. எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டார்கள். பிள்ளைகளைப் பறிகொடுத்த பெற்றோர் அமைத்த இயக்கம் விளையாட்டுத் தடையையும் கேட்டது, துப்பாக்கிக் கட்டுப்பாட்டையும் கேட்டது. அவர்களுடைய துயரத்தின் முன் நின்று ஆய்வு முடிவுகளை எடுத்துக்காட்ட யாருக்கும் மனம் வராது. ஆனால் சட்டம் செய்வோர் பார்த்திருக்கவேண்டிய உண்மை ஒன்று உண்டு. அந்தக் கைத்துப்பாக்கி தந்தையுடையது. பூட்டாமல் படுக்கையறையில் கிடந்தது. அதற்காக அந்தத் தந்தைக்குத் தண்டனை கிடைத்தது. ஜெர்மனி அந்த ஆண்டே ஆயுதச் சட்டத்தைத் திருத்தி, வீட்டில் துப்பாக்கி எப்படி வைக்கப்பட்டிருக்கிறது என்று முன்னறிவிப்பின்றிச் சோதிக்க அதிகாரம் தந்தது. நம் நாட்டில் 2022 ஜூனில் லக்னோவில் ஒரு சிறுவன் தாயைச் சுட்டதாகச் செய்தி வந்தபோது, பப்ஜியே தலைப்பில் நின்றது. அங்கும் துப்பாக்கி தந்தையின் உரிமம் பெற்ற துப்பாக்கி. வீட்டில் ஆயுதம் எப்படிப் பூட்டப்படவேண்டும் என்பது பற்றி அந்த வாரம் எத்தனை தலையங்கங்கள் வந்தன?

இனி நம் சட்டத்துக்கு வருவோம். புதிய ஊடகம் பழையதைவிட ஆழமாகத் தாக்கும் என்ற வாதம் நமக்கும் பழக்கமானதே. 1970இல் கே. ஏ. அப்பாஸ் தம் ஆவணப்படத்துக்காகத் தொடுத்த வழக்கில், மற்றக் கலைகளைவிடத் திரைப்படம் உணர்ச்சியை ஆழமாகக் கிளறுகிறது, குறிப்பாக இளையோரை, என்று சொல்லி முன்தணிக்கை செல்லும் என்றது உச்ச நீதிமன்றம். இன்று அதே சொற்களை வீடியோ கேமுக்கு அப்படியே எடுத்துவைக்கலாம். ஆனால் 1989இல் நம் தமிழ்ப்படம் ஒன்று அந்தச் சட்டத்தை வேறு திசைக்குக் கொண்டுபோனது. இடஒதுக்கீட்டைப் பற்றிய 'ஒரே ஒரு கிராமத்திலே' படத்துக்குத் தரப்பட்ட 'யு' சான்றிதழைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. தயாரிப்பாளர் எஸ். ரங்கராஜன் உச்ச நீதிமன்றம் போனார். நீதிபதி ஜகந்நாத ஷெட்டி எழுதிய தீர்ப்பு சான்றிதழை மீட்டுக் கொடுத்தது. தணிக்கை கூடாது என்று அந்தத் தீர்ப்பும் சொல்லவில்லை. ஆனால் பேச்சை அடக்கவேண்டுமானால் அதனால் வரும் ஆபத்து அருகில் இருக்கவேண்டும், நேரடியாக இருக்கவேண்டும். வெடிமருந்துப் பீப்பாயில் விழும் பொறிபோல் பிரிக்க முடியாததாக இருக்கவேண்டும். ஊகமாகவோ தொலைவிலோ இருந்தால் போதாது என்றது. அந்தப் படத்தின் கருத்தை நான் ஏற்கவில்லை. அந்தத் தீர்ப்பை இந்த நாட்டின் ஒவ்வொரு காவல் ஆணையரும் மேசையில் வைத்திருக்கவேண்டும் என்று விரும்புகிறேன்.

ராஜ்கோட் அறிவிக்கையை இந்த உரைகல்லில் உரைத்துப் பாருங்கள். அதற்கு அடிப்படை குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 144ஆவது பிரிவு, இன்றைய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 163. கலவரம் மூளும் நேரத்துக்கான அதிகாரம் அது. அறையில் உட்கார்ந்து கைப்பேசியைத் தட்டும் மாணவனால் எந்தத் தெருவில் எந்த அமைதி அன்று குலையவிருந்தது? 144 ஆணை பிறப்பிப்பவர் அதற்கான உண்மைகளை எழுதிவைக்கவேண்டும், ஆணையை வெளியிடவேண்டும் என்று 2020 ஜனவரியில் அனுராதா பசின் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அது காஷ்மீர் இணைய முடக்கம் பற்றிய வழக்கு. ஆனால் அதன் விதி எல்லா ஊருக்கும் பொருந்தும்.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். சீனாவுடன் நடந்த கல்வான் மோதலுக்குப் பின், 2020 செப்டம்பர் 2 அன்று, மத்திய அரசு 118 செயலிகளைத் தடைசெய்தது. பப்ஜி மொபைல் அதில் ஒன்று. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவு, இறையாண்மை, நாட்டின் பாதுகாப்பு ஆகியவை காரணங்கள். வன்முறை என்ற சொல்லுக்கே அங்கு வேலை இல்லை. ஆனாலும் பல வீடுகளில் பெற்றோர் அதை அந்தக் கோணத்திலேயே வரவேற்றார்கள். 2021 ஜூலையில் தென்கொரிய நிறுவனமான கிராஃப்டன் அதே விளையாட்டைப் 'பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா' என்ற பெயரில் கொண்டுவந்தது. குண்டு பட்டால் தெறிக்கும் ரத்தம் இப்போது பச்சை நிறம். 2022 ஜூலையில் அதுவும் செயலிக் கடைகளிலிருந்து நீக்கப்பட்டது. 2023 மே மாதத்தில் திரும்பி வந்தது. இடையில் 2022 பிப்ரவரியில் ஃப்ரீ ஃபயர் தடைசெய்யப்பட்டது. அதன் உடன்பிறப்பான ஃப்ரீ ஃபயர் மேக்ஸ் கடையிலேயே இருந்தது. பிள்ளைகள் ஒரே நாளில் இடம் மாறிக்கொண்டார்கள்.

பச்சை ரத்தத்தைப் பற்றிச் செய்தித்தாள்கள் நிறைய எழுதின. அதே விளையாட்டில் வந்த வேறொரு மாற்றம் அந்த அளவுக்குப் பேசப்படவில்லை. 18 வயதுக்குக் கீழுள்ளவர் நாளுக்கு 3 மணி நேரம்தான் ஆடலாம். செலவுக்கு ஒரு நாள் உச்சவரம்பு. பெற்றோரின் ஒப்புதல் வேண்டும். இது போதும் என்று நான் சொல்லமாட்டேன். வயதை ஆடுபவரே சொல்லும் இடத்தில் இதை ஏய்ப்பது எளிது. ஆனாலும் என்னிடம் வரும் பெற்றோர்களின் புகாருக்கு நேராக நின்ற ஒரே விதி அதுதான். அதை அரசு ஒரு பொதுச் சட்டமாக, எல்லா விளையாட்டுக்கும், காரணம் சொல்லிக் கேட்டிருக்கவேண்டும். ஒரு நிறுவனம் சந்தைக்குத் திரும்பத் தந்த விலையாக அது வந்தது. 69ஏ நடவடிக்கைகளை விதிகளே ரகசியமாக்கியிருக்கின்றன. அதனால் என்ன கேட்கப்பட்டது, என்ன பேசப்பட்டது என்பது குடிமக்களின் பார்வைக்கு வரவே இல்லை.

நேரக் கட்டுப்பாட்டிலும் எச்சரிக்கை தேவை. 16 வயதுக்குக் கீழுள்ளவர்கள் நள்ளிரவு முதல் காலை 6 மணிவரை ஆன்லைனில் ஆடக்கூடாது என்று தென்கொரியா 2011இல் சட்டம் போட்டது. அது கணினி விளையாட்டைப் பிடித்தது. பிள்ளைகள் கைப்பேசிக்குப் போனார்கள். 2022 பிறந்ததோடு அந்தச் சட்டம் முடிந்தது. சீனா 2021இல் பிள்ளைகளுக்கு வெள்ளி, சனி, ஞாயிறு, விடுமுறை நாள்களில் இரவு 8 முதல் 9 வரை மட்டுமே என்றது. அதைச் செயல்படுத்த எவ்வளவு கண்காணிப்பு வேண்டும் என்று நினைத்துப் பார்த்தால், அந்த விலையை நான் கொடுக்கச் சம்மதிக்கமாட்டேன்.

எனக்கு நம்பிக்கை தரும் வழக்கு 2022 டிசம்பரில் அமெரிக்காவில் முடிந்தது. 'ஃபோர்ட்நைட்' நிறுவனமான எபிக் கேம்ஸ் மீது மத்திய வர்த்தக ஆணையம் நடவடிக்கை எடுத்தது. இதுவும் நூறு பேர் சுட்டுக்கொண்டு ஒருவர் மிஞ்சும் விளையாட்டுதான். ஆணையம் குண்டைப் பற்றிப் பேசவே இல்லை. குழந்தைகளின் தகவலைப் பெற்றோரைக் கேட்காமல் திரட்டியது, அந்நியரோடு பேசும் குரல்வழியைத் தொடக்கத்திலிருந்தே திறந்து வைத்தது ஆகியவற்றுக்கு 27.5 கோடி டாலர் அபராதம். ஒரு பொத்தானைத் தவறி அழுத்தினாலே பணம் போகும்படி திரையை அமைத்ததற்கு 24.5 கோடி டாலர், ஆடியவர்களுக்கே திருப்பித் தர. கலிபோர்னியா ஆறு ஆண்டு வழக்காடித் தோற்றது. இங்கே நிறுவனம் பணம் கட்டியது. கருத்துரிமைக்கு ஒரு கீறலும் இல்லை. பெல்ஜியம் 2018லேயே இன்னொரு கதவைத் திறந்தது: உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் காசு கொடுத்து வாங்கும் பரிசுப் பெட்டிகளைச் சூதாட்டச் சட்டத்தின்கீழ் கொண்டுவந்தது.

நம் நாட்டில் 2025 ஆகஸ்டில் ஆன்லைன் விளையாட்டுச் சட்டம் இரண்டே நாளில் இரு அவைகளிலும் நிறைவேறியது. பணம் வெல்லும் எதிர்பார்ப்பில் பணம் கட்டும் ஆட்டங்களை அது அடியோடு தடுக்கிறது. ரம்மியில் சொத்தை இழந்து உயிரையும் விட்டவர்களின் குடும்பங்களைத் தமிழ்நாடு நன்றாக அறியும் என்பதால், அதன் தேவையை நான் மறுக்கவில்லை. ஆனால் ஒரு 14 வயதுப் பிள்ளையிடம் துப்பாக்கிக்குப் பூசும் நிறத்தை இன்றிரவுக்குள் வாங்கு என்று சொல்லும் விளையாட்டு அந்தச் சட்டத்தின் கண்ணில் படவே இல்லை. திரைப்படத்துக்கு 2023ஆம் ஆண்டின் சட்டத்திருத்தத்தால் 7, 13, 16 என்று வயதுப் படிகள் வந்துவிட்டன. வீடியோ கேமுக்கு நம் மொழியில், நம் பெற்றோருக்குப் புரியும்படி ஒரு வயதுத் தரம் சட்டப்படி இல்லை.

அப்படி ஒன்று வரும்வரை கையில் இருப்பதைக் கொண்டு என்ன செய்யலாம்? இந்திய ஒப்பந்தச் சட்டப்படி 18 வயது நிரம்பாதவர் செய்த ஒப்பந்தம் தொடக்கத்திலிருந்தே செல்லாது. 1903இல் மோஹரி பீபீ வழக்கில் பிரிவி கவுன்சில் சொன்னதைத்தான் இந்தக் கல்லூரியில் முதலாண்டிலேயே படிக்கிறீர்கள். ஒரு சிறுவன் வாங்கிய ஸ்கின்னுக்கும் அந்தச் சட்டம் உண்டா என்று யாராவது கேட்டுப் பார்க்கவேண்டும். பணம் அப்பாவின் கணக்கிலிருந்து போனது என்று நிறுவனம் சொல்லும். அந்த விடையையும் வழக்கில் சந்திக்கவேண்டும். 2023 நவம்பர் 30 அன்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வலைத்தளங்களும் செயலிகளும் செய்யும் ஏமாற்று வடிவமைப்புகளைத் தடுத்து வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. 13 வகைகளைப் பெயர் சொல்லிக் குறித்திருக்கிறது. பொய்யான அவசரத்தை உண்டாக்குவது அவற்றில் முதலாவது.

சட்டம் பயிலும் மாணவர்களிடம் ஒன்று கேட்கிறேன். அந்த வழிகாட்டு நெறிகளை ஒரு பக்கம் வைத்துக்கொண்டு, நீங்கள் ஆடும் விளையாட்டை இன்னொரு பக்கம் திறந்து வையுங்கள். கடைப்பகுதியில் ஒவ்வொரு திரையாகப் போய், எந்தத் திரை எந்த நெறியை மீறுகிறது என்று எழுதுங்கள். உங்களைவிட அதை நன்றாக அறிந்த வழக்கறிஞர் இந்த மாநிலத்தில் இல்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. ஆணையத்துக்கு எழுத்திலும் அனுப்பலாம். மனுவை வரைய உதவி வேண்டுமானால் என் அலுவலகத்துக்கு வாருங்கள், கட்டணம் கிடையாது. முகவரியைத் துறைத் தலைவரிடம் கொடுத்திருக்கிறேன்.